எச்சம் சொல்லும் இனம்: வௌவால் பற்றி வாசகர் கேள்விகள்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை செட்டிநாட்டுப் பக்கத்திலிருந்து வந்தவை. அவற்றிலும் முக்கால்வாசி வௌவாலைப் பற்றியவை. பூட்டிய வீடும் பழைய கோயிலும் ஊருணிக்கரை ஆலமரமும் இருக்கும் ஊர்களில் இந்தக் கேள்விகள் எழத்தான் செய்யும். ஒரே மாதிரியான கடிதங்களைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறோம்.

கானாடுகாத்தான் வாசகி: எங்கள் வீட்டின் இரண்டாம் கட்டு ஆண்டில் பத்து மாதம் பூட்டியே கிடக்கிறது. உத்தரத்தில் வௌவால்கள் தங்குகின்றன. அவற்றைப் பிடிக்காமலே, தரையில் விழும் எச்சத்தை வைத்து இனத்தைச் சொல்லிவிடலாம் என்கிறான் வெளியூரில் படிக்கும் மகன். உண்மையா? எப்படிச் சேகரிப்பது?

உண்மைதான். எச்சம் வெளியேறும்போது குடற்சுவரின் உயிரணுக்கள் அதன் மேற்பரப்பில் ஒட்டிக்கொண்டு வருகின்றன. வௌவாலின் டி.என்.ஏ. இருப்பது அந்த மேற்பரப்பில். உள்ளே இருப்பது அது தின்ற பூச்சியின் டி.என்.ஏ. ஒரே உருண்டையை வைத்து வௌவால் எந்த இனம், அது எதைத் தின்றது என்ற இரண்டுக்கும் விடை காணலாம்.

முதலில் அது வௌவாலின் எச்சம்தானா என்று பாருங்கள். பூச்சி தின்னும் வௌவாலின் எச்சம் நெல்மணி அளவில் கறுப்பாக இருக்கும். குச்சியால் அழுத்தினால் பொடியாக உதிர்ந்து, பூச்சிச் சிறகின் துணுக்குகள் மின்னும். எலிப்புழுக்கை அப்படி உதிராது. பல்லி எச்சத்தின் நுனியில் வெள்ளைப் பொட்டு இருக்கும். பழந்தின்னியின் எச்சம் உருண்டையாகவே இருக்காது. சுவரில் தெறித்த கறையாகவும் விதைகளாகவும் கிடக்கும், பக்கத்தில் மென்று துப்பிய சக்கையும் இருக்கும். தவளைக் கால், சிட்டுக்குருவி இறகு, வெட்டுக்கிளிச் சிறகு எல்லாம் ஓரிடத்தில் குவிந்து கிடந்தால், மேலே தொங்குவது பெரும்பாலும் போலி இரத்தக்காட்டேரி வௌவால். பெயரைக் கேட்டு அஞ்ச வேண்டாம். அது இரத்தம் குடிப்பதில்லை. சிறு பிராணிகளைப் பிடித்துத் தின்னும்.

சேகரிக்கும் முறை இது. மாலையில் வௌவால்கள் வெளியே பறந்த பிறகு, தங்குமிடத்துக்கு நேர் கீழே சுத்தமான வெள்ளைத் தாளை விரித்து நான்கு மூலைகளிலும் கல் வையுங்கள். பழைய எச்சம் கிடக்கும் தரைமேல் நேரடியாக விரிக்காமல், அடியில் ஒரு பிளாஸ்டிக் விரிப்பைப் போடுங்கள். மறுநாள் காலையில் தாளில் புதிதாக விழுந்ததை மட்டும் எடுங்கள். கையுறையும் என்-95 முகக்கவசமும் கட்டாயம். காய்ந்த எச்சத்தில் வளரும் ஹிஸ்டோபிளாஸ்மா என்ற பூஞ்சையின் வித்துகள் தூசியோடு நுரையீரலுக்குள் போனால் காய்ச்சலும் இருமலும் வரும். பல மாதம் பூட்டிக் கிடந்த அறையில் இந்த ஆபத்து அதிகம். ஆகவே முதல் நாள் கதவு சன்னல்களைத் திறந்து வைத்துவிட்டு வெளியே வந்துவிடுங்கள். அன்றைக்கே உள்ளே துடைப்பத்தை எடுக்காதீர்கள்.

சிறு மூடியுள்ள குப்பிகளில், குப்பிக்கு ஓர் உருண்டை மட்டும் போடுங்கள். எச்சத்தின் எடையைப் போல நான்கு மடங்காவது சிலிக்கா ஜெல் போட்டு இறுக மூடுங்கள். ஈரம் பட்டால் ஆரஞ்சிலிருந்து பச்சையாக மாறும் ரகம் நல்லது. நீல ரகத்தில் பெரும்பாலும் கோபால்ட் உப்பு இருக்கும், அது வேண்டாம். செருப்புப் பெட்டியில் வரும் சிறு பொட்டலம் நம் பக்கத்துக் காற்றில் ஏற்கெனவே ஈரம் குடித்திருக்கும், அதனால் பயனில்லை. 95 சதவீத எத்தனாலும் பயன்படும். ஆனால் அது கடையில் எளிதில் கிடைக்காது. ஓர் அறைக்குள்ளேயே உத்தரத்தின் மூலை, நடு, ஓரம் என்று பத்து இடங்களிலிருந்தாவது பத்துக் குப்பிகள் எடுங்கள். ஒரே கட்டில் இரண்டு மூன்று இனங்கள் தங்குவது வழக்கமான விஷயம். குப்பியின் மேல் பென்சிலால் தேதி, ஊர், அறையில் எந்த இடம் என்று எழுதுங்கள். பேனா மை எத்தனால் பட்டால் அழிந்துவிடும்.

எங்கே கெட்டுப் போகும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். எச்சத்தைப் பிளாஸ்டிக் பையில் கட்டி வைப்பதுதான் எல்லாவற்றையும்விட மோசம். உள்ளே ஈரம் அடைபட்டு, நுண்ணுயிர்கள் சில நாளிலேயே டி.என்.ஏ.வைத் துண்டுதுண்டாக்கிவிடும். வெயிலில் காயவைத்தால் புற ஊதாக் கதிர் அதே வேலையைச் செய்யும். வெறுங்கையால் தொட்டால், ஆய்வகத்தில் பெருகுவது உங்கள் டி.என்.ஏ.வாக இருக்கும். பாலூட்டிகளுக்குப் பொதுவான தூண்டிகளை (டி.என்.ஏ. பெருகுவதைத் தொடங்கிவைக்கும் சிறு துண்டுகளை) பயன்படுத்தும் சோதனையில் 'இனம்: மனிதன்' என்று முடிவு வருவது அரிதல்ல.

ஆய்வகத்தில் அவர்கள் படிப்பது மைட்டோகாண்ட்ரியாவில் உள்ள சி.ஓ.ஐ. என்ற மரபணுவின் ஒரு பகுதி. முழுப் பகுதி சுமார் 650 டி.என்.ஏ. எழுத்து. எச்சத்தில் டி.என்.ஏ. உடைந்து கிடப்பதால் சுமார் 200 எழுத்துள்ள குட்டித் துண்டைத் தேர்ந்தெடுக்கிறார்கள். பழந்தின்னியின் எச்சத்தில் உள்ள துவர்ப்புப் பொருள்கள், டி.என்.ஏ.வைப் பெருக்கும் பி.சி.ஆர். வினையைத் தடுக்கும். சாற்றைப் பத்து மடங்கு நீர்த்துப் போட்டோ, போவைன் சீரம் ஆல்புமின் என்ற மாட்டு இரத்தப் புரதத்தைச் சேர்த்தோ அந்தத் தடையை விலக்குவார்கள். எச்சமே போடாத வெற்றுக் குப்பி ஒன்றும் கூடவே ஓட வேண்டும். அதிலும் டி.என்.ஏ. பெருகியதைக் காட்டும் பட்டை தெரிந்தால் அன்றைய முடிவு முழுவதையும் தள்ளிவிட வேண்டும். கொடுக்கும்போதே 'வெற்று மாதிரி ஓட்டினீர்களா' என்று கேட்டு வையுங்கள்.

வந்த எழுத்து வரிசையை உலகப் பொதுத் தரவுத்தளத்தில் ஒப்பிட்டுப் பெயர் சொல்வார்கள். இங்கே ஒரு எச்சரிக்கை. தரவுத்தளத்தில் யாரோ தவறான பெயரில் போட்டு வைத்திருந்தால் உங்களுக்கும் தவறான பெயரே வரும். பெயர் தவறாக ஒட்டப்படுவது நம் மேகமலையிலேயே நடந்திருக்கிறது. 1948இல் ஆங்கஸ் ஹட்டன் என்ற இயற்கை ஆர்வலர் அங்கே பிடித்த பழந்தின்னி வௌவால், சாதாரணக் குறுமூக்குப் பழந்தின்னி என்ற பெயரில் சேகரிப்பில் கிடந்தது. 1972இல்தான் தாய்லாந்து ஆய்வாளர் கிட்டி தோங்லோங்யா அது வால் இல்லாத வேறு இனம், வேறு பேரினம் என்று எழுதினார். இன்று அது சலீம் அலி பழந்தின்னி வௌவால். ஆகவே எச்சத்தோடு, தொங்கும் வௌவாலின் படம் ஒன்றும் இருக்கட்டும். ஃபிளாஷ் இல்லாமல், தூரத்திலிருந்து எடுத்தால் போதும்.

காரைக்குடி கல்லூரி மாணவர்: ஆலமரத்தில் தொங்கும் பெரிய பழந்தின்னியும், தெருவிளக்கைச் சுற்றும் சின்ன வௌவாலும் ஒரே வம்சமா? பெரியது குரங்குக்குச் சொந்தம் என்று ஒரு பழைய புத்தகத்தில் படித்தேன்.

அந்தக் கருத்தை 1986இல் ஆஸ்திரேலியாவின் ஜான் பெட்டிக்ரூ முன்வைத்தார். பழந்தின்னியின் கண்ணிலிருந்து நடுமூளைக்குப் போகும் நரம்புப் பாதை குரங்குகளில் இருப்பதைப் போலவே இருந்தது. சின்ன வௌவால்களில் அப்படி இல்லை. ஆகவே இறக்கை இரண்டு முறை தனித்தனியாகத் தோன்றியது என்றார். கண்ணால் கண்டதை வைத்துச் சொன்ன வலுவான வாதம் அது. டி.என்.ஏ.வைப் படிக்கத் தொடங்கியதும் அது நிற்கவில்லை.

எப்படிப் படிக்கிறார்கள் என்பதைச் சுவடி பதிப்பித்தவர்கள் எளிதில் புரிந்துகொள்வார்கள். ஒரே நூலின் பல ஏடுகளைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது, இரண்டு ஏடுகளில் ஒரே இடத்தில் ஒரே பிழை இருந்தால் அவை ஒரே மூல ஏட்டைப் பார்த்து எழுதியவை என்று கொள்கிறோம். மரபணுவிலும் அப்படியே. பல விலங்குகளின் ஒரே மரபணுவை வரிசைப்படுத்தி, பொதுவான எழுத்து மாற்றங்களைப் பார்த்து மூதாதை மரத்தை வரைகிறார்கள். தற்செயலாக ஒரே மாற்றம் இரண்டு இடங்களில் நிகழ்ந்திருக்கலாம். அதனால் ஒரு மரபணு போதாது.

பெட்டிக்ரூ அணி ஒரு நியாயமான தடையையும் எழுப்பியது. பறப்பதற்குச் செலவாகும் மிகுந்த ஆற்றலால் இரு வகை வௌவால்களின் டி.என்.ஏ.விலும் சில எழுத்துகள் அளவுக்கு மீறிப் பெருகியிருக்கலாம், உறவே இல்லாமல் ஒன்றுபோலத் தோன்றலாம் என்றது. ஆகவே பல மரபணுக்களையும், எளிதில் இரண்டு முறை நிகழ முடியாத செருகல், விடுபடல்களையும் சேர்த்துப் பார்த்தார்கள். எல்லா வௌவாலும் ஒரே வம்சம் என்பது உறுதியானது. குரங்கு அல்ல, நாய், பூனை, குதிரை, மாடு, திமிங்கிலம், அழுங்கு என்னும் எறும்புதின்னி இருக்கும் பெருங்கிளைதான் வௌவாலின் பங்காளிகள்.

அதைவிடப் பெரிய வியப்பு உள்ளே இருந்தது. பெரிய வௌவால், சின்ன வௌவால் என்ற பழைய இரு பிரிவே தவறு. எம்மா டீலிங் குழு 2005இல் 17 மரபணுக்களின் சுமார் 13,700 எழுத்துகளை ஒப்பிட்டு வரைந்த மரத்தில், குதிரைலாட வௌவால், இலைமூக்கு வௌவால், போலி இரத்தக்காட்டேரி, எலிவால் வௌவால் எல்லாம் பழந்தின்னியோடு ஒரு கிளையில் நின்றன. மற்ற சின்ன வௌவால்கள் இன்னொரு கிளை. அதாவது உங்கள் ஊர்க் கோயில் மண்டபத்து இலைமூக்கு வௌவால், தெருவிளக்கைச் சுற்றும் பிப்பிஸ்ட்ரெல் என்ற சின்ன வௌவாலைவிட ஆலமரத்துப் பழந்தின்னிக்குத்தான் நெருங்கிய உறவு. உருவத்தைப் பார்த்து யாரும் இதைச் சொல்லியிருக்க முடியாது.

இதிலிருந்து தீராத கேள்வி ஒன்று பிறக்கிறது. இரு கிளைகளிலும் தொண்டையால் ஒலி எழுப்பி அதன் எதிரொலியால் வழி அறியும் வௌவால்கள் இருக்கின்றன, பழந்தின்னிக்கு மட்டும் அந்தத் திறன் இல்லை. பொது மூதாதைக்கு இருந்து பழந்தின்னி இழந்ததா, இல்லை இரண்டு கிளைகளும் தனித்தனியே பெற்றனவா? கருவில் உட்செவி வளரும் விதத்தைப் பார்த்த ஆய்வுகளே இரண்டு பக்கமும் பிரிந்து நிற்கின்றன. அமெரிக்காவின் வயோமிங்கில் கிடைத்து 2008இல் விவரிக்கப்பட்ட ஓனிகோனிக்டெரிஸ் என்ற சுமார் 5 கோடியே 25 லட்சம் ஆண்டுப் புதைபடிவத்துக்கு நன்றாகப் பறக்கும் இறக்கை இருக்கிறது, ஐந்து விரலிலும் நகம் இருக்கிறது, உட்செவியோ சிறியது. பறத்தல் முதலில், எதிரொலி பிறகு என்பதற்கு அது ஆதரவு. ஆனால் அதன் தொண்டை எலும்பைப் பார்த்து மறுப்பவர்களும் உண்டு. கல்லூரி ஆய்வுக்கட்டுரைக்குத் தலைப்புத் தேடுகிறீர்கள் என்றால் இதை எடுங்கள்.

தேவகோட்டை பள்ளி மாணவி: வௌவாலுக்குக் கண் தெரியாது, காது மட்டும்தான் என்று ஆசிரியர் சொன்னார். சரியா?

சரியல்ல அம்மா. கண் தெரியாத வௌவால் எதுவும் இல்லை. மங்கிய வெளிச்சத்தைப் பார்க்க உதவும் ரோடாப்சின் மரபணு வௌவால்களில் நன்றாகவே வேலை செய்கிறது. வேறுபாடு நிறத்தில் இருக்கிறது. மனிதருக்கு மூன்று வகை நிறமேற்பிகள். பெரும்பாலான பாலூட்டிகளுக்கு இரண்டு: பச்சை-சிவப்புப் பக்கம் ஒன்று, நீல-ஊதாப் பக்கம் ஒன்று. 2009இல் வந்த ஆய்வு, குதிரைலாட வௌவாலிலும் இலைமூக்கு வௌவாலிலும் அந்த நீல-ஊதா மரபணு உடைந்து செயலிழந்து கிடப்பதைக் காட்டியது. குகையில் தங்கும் ரூசெட் பழந்தின்னியிலும் அப்படியே. மரக்கிளையில் தங்கும் பெரிய பழந்தின்னியில் அது முழுதாக இருக்கிறது.

நாக்கையும் சொல்ல வேண்டும். பூனைக்கு இனிப்பு தெரியாது, அந்த மரபணு அதற்குக் கெட்டுவிட்டது. வௌவால்களில் இறைச்சிச் சுவை உணரும் மரபணு இதுவரை பார்த்த இனங்களிலெல்லாம் இல்லை அல்லது கெட்டிருக்கிறது. மெக்சிகோ முதல் தென் அமெரிக்கா வரை மட்டும் வாழும் இரத்தக்காட்டேரி வௌவாலுக்கு இனிப்பு மரபணுவும் போய்விட்டது. இரத்தம் மட்டுமே குடிப்பதற்கு இனிப்பு எதற்கு? அதற்குப் பதிலாக மூக்கருகே வெப்பத்தை உணரும் குழிகள் இருக்கின்றன. நாம் மிளகாய்க் காரத்தையும் 43 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டையும் உணர்வது ஒரே புரதத்தால். இரத்தக்காட்டேரி அதே புரதத்தின் வாலை வெட்டி, சுமார் 30 டிகிரியிலேயே விழித்துக்கொள்ளும்படி அந்தக் குழி நரம்புகளில் வைத்திருக்கிறது. தோலுக்கடியில் இரத்தம் எங்கே ஓடுகிறது என்று அதனால் கண்டுபிடிக்கும்.

மணத்துக்கு மனிதரில் சுமார் 400 மரபணுக்கள் வேலை செய்கின்றன, யானையில் கிட்டத்தட்ட 2,000. வௌவால்களில் எண்ணிக்கையைவிட எந்தக் குடும்பம் தங்கியது என்பதே முக்கியம். பழம் தின்னும் இனங்கள், உலகின் இரு வேறு பகுதிகளில் தனித்தனியே தோன்றியிருந்தும், ஒரே மாதிரியான மணமேற்பிக் குடும்பங்களைக் காத்து வைத்திருக்கின்றன.

ஆசிரியரிடம் இதைக் காட்டு. கோபித்துக்கொள்ள மாட்டார்.

பள்ளத்தூர் வாசகர்: வௌவாலுக்கும் டால்பினுக்கும் ஒரே காது மரபணு என்று செய்தி வந்தது. உறவே இல்லாதவற்றுக்கு எப்படி?

அந்த மரபணு பிரெஸ்டின். உட்செவியின் வெளி மயிர் உயிரணுக்களில் உட்கார்ந்து, மின்னழுத்தம் மாறும்போதெல்லாம் சுருங்கி விரியும் புரதத்தை அது உருவாக்குகிறது. அந்த அசைவுதான் மெல்லிய ஒலியைப் பெருக்குகிறது. நாம் கேட்பது 20 கிலோஹெர்ட்ஸ் வரை. நம் பக்கத்து இலைமூக்கு வௌவால் ஒன்று சுமார் 130 கிலோஹெர்ட்ஸில் கத்துகிறது. அவ்வளவு வேகத்தில் இயங்க, புரதத்தின் குறிப்பிட்ட இடங்களில் அமினோ அமிலம் மாற வேண்டும். வௌவாலிலும் பல் திமிங்கிலத்திலும் ஒரே இடத்தில் ஒரே மாற்றம் தனித்தனியே நடந்தது. 2010இல் புரதத்தை வைத்து மரம் வரைந்தபோது டால்பின் போய் வௌவாலோடு உட்கார்ந்துகொண்டது. புரதத்தை மாற்றாத எழுத்து மாற்றங்களை மட்டும் வைத்து வரைந்தால் டால்பின் தன் சொந்தக்காரர்களிடம் திரும்பியது.

2013இல் ஏறத்தாழ 200 மரபணுக்களில் இப்படி ஒற்றுமை என்று பெரிய அறிவிப்பு வந்தது. 2015இல் இரண்டு குழுக்கள் சரிபார்த்தன. வௌவாலையும் டால்பினையும் ஒப்பிடுவதைப் போலவே, எதிரொலி தெரியாத மாட்டையும் ஒப்பிட்டார்கள். அங்கேயும் அதே அளவு ஒற்றுமை. தற்செயல் அளவுக்கு மேல் எதுவும் இல்லை. பிரெஸ்டின் நிலைத்தது, 200 நிலைக்கவில்லை. ஒப்பீட்டுக்கு ஒரு மாடு வேண்டும் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் இப்படிப்பட்ட செய்திகளைப் படிக்கும்போது உதவும்.

இலுப்பைக்குடி விவசாயி: எங்கள் கண்மாய்க்கரை ஆலமரத்தில் பழந்தின்னிகள் குறைந்துகொண்டே வருகின்றன. மரபணுச் சோதனை செய்தால் எத்தனை மிச்சம், அழியுமா என்று சொல்வார்களா?

ஐயா, எண்ணிக்கையை மரபணு சொல்லாது, நீங்கள்தான் எண்ண வேண்டும். சூரியன் மறையக் கால் மணி முன்பே மரத்துக்கு மேற்குப் பக்கம் வானம் வெளுப்பாகத் தெரியும் இடத்தில் இருவர், எதிர்ப்பக்கம் இருவர் நில்லுங்கள். ஆளுக்கொரு பக்கமாக, வெளியேறுவதை மட்டும் எண்ணுங்கள். திரும்பி மரத்துக்கு வருவதைத் தனியாகக் குறித்துக் கழியுங்கள். அடுத்தடுத்து மூன்று மாலைகளின் சராசரி எடுங்கள். ஆண்டுதோறும் அதே மாதம், அதே ஆட்கள், அதே இடம். மாதம் மாறினால் ஒப்பிட முடியாது, ஏனென்றால் பூவும் பழமும் எங்கே இருக்கிறதோ அங்கே கூட்டம் நகரும். ஆஸ்திரேலியச் சாம்பல்தலைப் பழந்தின்னிகளில் செயற்கைக்கோள் கருவி பொருத்திப் பார்த்தபோது, ஓராண்டில் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்தன. உங்கள் மரத்தில் குறைந்தது இடம்பெயர்வா, சாவா என்பது பக்கத்து ஊர் மரங்களையும் எண்ணினால்தான் தெரியும்.

மரபணு வேறு கேள்விக்கு விடை தரும்: இந்த மரமும் அடுத்த மரமும் கலந்து இனம் பெருக்குகின்றனவா, தனித்துப் போய்விட்டனவா. அதற்கு மைக்ரோசாட்டிலைட் எனப்படும் திரும்பத் திரும்ப வரும் எழுத்துத் துண்டுகளைப் பத்துப் பதினைந்து இடங்களிலாவது படிக்க வேண்டும். மரத்துக்கு 20, 30 தனித்தனி வௌவால்களின் மாதிரி வேண்டும். எச்சத்தை வைத்துச் செய்தால் ஒரே வௌவாலின் இரண்டு எச்சம் இரண்டாக எண்ணப்படலாம். அதைவிடப் பெரிய தொல்லை, உடைந்த டி.என்.ஏ.வில் தாய்வழி, தந்தைவழிப் பிரதிகளில் ஒன்று மட்டும் பெருகிவிடுவது. அப்போது கலப்பு உள்ள கூட்டமும் நெருங்கிய உறவுக்குள்ளேயே இனம் பெருக்குவதாகத் தெரியும். ஒவ்வொரு மாதிரியையும் மூன்று முறையாவது திரும்ப ஓட்டாத முடிவை நம்பாதீர்கள். மைட்டோகாண்ட்ரியா மட்டும் பார்த்தால் தாய்வழியே தெரியும், ஆண்கள் எங்கே போகின்றன என்பது தெரியாது.

இன்னொன்று மனத்தில் இருக்கட்டும். மரபணு மெதுவான சாட்சி. கூட்டம் பாதியாகிப் பல தலைமுறை கழிந்த பிறகே வேறுபாடு குறைவது தெரியும். பெரிய பழந்தின்னி ஆண்டுக்கு ஒரே குட்டி போடும். குறைந்தது தெரியும்வரை காத்திருந்தால் மீட்கக் காலம் போதாது. ஆகவே மரத்தைக் காப்பதற்குச் சோதனை முடிவு வரும்வரை பொறுக்கத் தேவையில்லை. இலுப்பை விதையைத் தாய்மரத்துக்கு அப்பால் கொண்டுபோய்ப் போடுவது இவைதான். கரையில் இளம் இலுப்பைக் கன்றுகள் தானாக முளைக்கின்றனவா என்று பார்த்தாலே மரத்துக் கூட்டத்தின் வேலை தெரியும்.

சட்டமும் இப்போது உங்கள் பக்கம். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் பழந்தின்னிகள் நெடுங்காலம் தீங்கு செய்யும் பிராணிகள் பட்டியலில் இருந்தன. 2022 திருத்தம் அந்தப் பட்டியலையே நீக்கியது. பெரிய பழந்தின்னி இப்போது இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. ஆஸ்துமாவுக்கு மருந்து என்று சுடுவது குற்றம், அதில் மருந்தும் இல்லை. திருப்பத்தூர் பக்கம் வேட்டங்குடி சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுகுடிப்பட்டி மக்கள் பறவைகளுக்காகத் தீபாவளி வெடியை விட்டிருக்கிறார்கள். பிப்ரவரி முதல் மே வரை குட்டி மார்பில் தொங்கும் காலம். திருவிழா வெடியை அந்த ஒரு மரத்தடியில் மட்டும் தவிர்த்தாலே போதும்.

புதுவயல் வாசகி: நிபா பயத்தால் மரத்தை வெட்டச் சொல்கிறார்கள். என்ன செய்வது?

வெட்டாதீர்கள். பழந்தின்னி நிபா கிருமியைச் சுமக்கக்கூடியது என்பது உண்மை. கேரளத்தில் 2018 முதல் தொற்று வந்திருப்பதும் உண்மை. வௌவால் ஏன் நோயுறாமல் சுமக்கிறது என்பதற்கும் மரபணுவில் தடயம் உண்டு. கிருமியைக் கண்டதும் அழற்சியைத் தூண்டும் ஸ்டிங் என்ற புரதத்தில் ஒரு முக்கிய இடம் வௌவால்களில் மாறியிருக்கிறது. அதனால் அவற்றின் உடல் கிருமியோடு சண்டை போட்டுத் தன்னையே புண்ணாக்கிக்கொள்வதில்லை. ஆனால் இரை குறைந்து, இடம் இழந்து தவிக்கும் பழந்தின்னிகள் கிருமியை அதிகம் வெளியேற்றுகின்றன என்பதை ஆஸ்திரேலியாவில் நிபாவின் உறவுக்கிருமியான ஹெண்ட்ராவில் பார்த்திருக்கிறார்கள். மரத்தை வெட்டினால் கூட்டம் சிதறி வீட்டுத் தோட்டங்களுக்குத்தான் வரும்.

கடித்த பழத்தைத் தின்னாதீர்கள், கால்நடைக்கும் போடாதீர்கள். பதநீர்க் கலயத்தின் வாயையும் பாளை வடியும் இடத்தையும் வலையால் மூடுங்கள். கீழே விழுந்த வௌவாலை வெறுங்கையால் தொடாதீர்கள். கடித்துவிட்டால் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்தில் வெறிநோய்த் தடுப்பூசிக்குப் போய்விடுங்கள்.

கொத்தமங்கலம் வாசகர்: குதிரைலாட வௌவாலில் ஒரே உருவில் இரண்டு இனம் என்று கேள்விப்பட்டேன். எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

தென்னிந்திய ரூக்ஸ் குதிரைலாட வௌவாலில் சில சுமார் 80 கிலோஹெர்ட்ஸிலும், சில சுமார் 90 கிலோஹெர்ட்ஸிலும் கத்தின. மதுரை காமராசர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இரண்டு கூட்டத்தின் மைட்டோகாண்ட்ரியாவைப் படித்தபோது அவை தெளிவாகப் பிரிந்திருந்தன. 2012இல் ஒன்றுக்குப் புதிய பெயர் சூட்டினார்கள். குரலும் மரபணுவும் சேர்ந்து சொன்னதால் நின்றது. மைட்டோகாண்ட்ரியாவில் இரண்டு சதவீதத்துக்கு மேல் வேறுபாடு இருந்தால் வேறு இனம் என்று மட்டும் கணக்குப் போடுவது தவறு.

ஆத்தங்குடி வாசகர்: பழைய வீட்டைத் தங்கும் விடுதியாக்குகிறோம். வௌவால்களைக் கொல்லாமல் வெளியேற்ற வழி சொல்லுங்கள்.

முதலில் இனம் தெரியட்டும். கானாடுகாத்தான் வாசகிக்குச் சொன்ன முறையில் எச்சம் எடுத்துப் பார்த்துவிட்டு இறங்குங்கள். பிப்ரவரி முதல் ஆகஸ்ட் வரை தொடவே வேண்டாம். தாய் வெளியே போய்த் திரும்ப முடியாமல் குட்டிகள் சுவருக்குள் செத்து நாறும். சின்ன பிப்பிஸ்ட்ரெல்களுக்கு ஆண்டில் பலமுறை குட்டி வரும் என்பதால், செப்டம்பரிலும் இரவில் தாய்கள் போன பிறகு உள்ளே சிவப்பு வெளிச்சம் பிடித்து, மயிர் முளைக்காத குட்டி இருக்கிறதா என்று பாருங்கள்.

இரண்டு மாலை வெளியே நின்று அவை எந்தத் துளை வழியே வருகின்றன என்று குறியுங்கள். ஓட்டுக்கும் உத்தரத்துக்கும் இடையே ஒரு விரல் நுழையும் சந்து போதும் அவற்றுக்கு. மற்றத் துளைகளைச் சுண்ணாம்புச் சாந்தால் அடைத்துவிட்டு, முக்கியத் துளைக்கு மேலும் இரு பக்கங்களிலும் நெருங்கிய கண்ணுள்ள வலையை ஆணியடியுங்கள். கீழ்ப்பக்கம் திறந்தபடி, துளைக்குக் கீழே ஒன்றரை இரண்டு அடி தொங்க வேண்டும். உள்ளிருப்பவை சுவரை ஒட்டி ஊர்ந்து கீழே விழுந்து பறந்துவிடும். திரும்பி வருபவை துளைக்கே நேராக வந்து வலையில் முட்டித் திரும்பிவிடும். வலைக்கண் பெரிதானால் இறக்கை சிக்கிச் செத்துவிடும். ஒரு வாரம் விட்டு, மூன்று மாலை ஒன்றும் வெளிவராததைப் பார்த்த பிறகு அடையுங்கள். அடைமழை இரவுகளில் அவை வெளியேறாது, அந்த நாட்களைக் கணக்கில் சேர்க்காதீர்கள். நாப்தலீன் உருண்டையால் அவை போகாது, உள்ளே வேலை செய்பவர்களுக்குத்தான் தலைவலி வரும்.

எச்சத்தைக் கூட்டுவதற்கு முன் தண்ணீர் தெளித்து அரை மணி ஊறவிட்டு, முகக்கவசத்தோடு ஈரமாகவே அள்ளுங்கள். பின்கட்டில் உபயோகமில்லாத ஒரு சரக்கறையின் மேல்சன்னலைத் திறந்தே விட முடிந்தால் விடுங்கள். விளக்கு போடாதீர்கள். விடுதியின் முற்றத்தில் மாலையில் கொசு குறைவாக வேண்டும் என்றால் அந்தச் சரக்கறையை மறுபடி பூட்டாதீர்கள்.